‘25.02, ஓகே சார்’

வாசகர் கடிதம் (சுருக்கியிருக்கிறேன், கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டேன்):

மேடம், வணக்கம். எனக்குக் காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம். 2024-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். இரண்டு அரியர் இருந்து, எழுதி பாஸ் ஆனேன். போன மாதம் ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி டிரெய்னி வேலைக்கு இன்டர்வியூ. விடியற்காலையில் கிளம்பி, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மதியம் இரண்டரைக்குத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர். என்னைப் பற்றிச் சொல்லும் ஆங்கிலப் பேச்சை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், பாதியில் மறந்துவிட்டது. படிப்பு முடிந்து ஒன்றரை வருடம் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். உண்மையில் மாமாவின் மோட்டார் ரீவைண்டிங் கடையில் இருந்தேன். போர்வெல் மோட்டார் பிரிப்பது, காயில் கட்ட உதவுவது, இறக்கிவிடப் போவது. அதைச் சொன்னால் மட்டமாக நினைப்பார்களோ என்று, ‘வீட்டில் இருந்து தயார் செய்தேன்’ என்றேன். அப்புறம் ஒரு ட்ராயிங், ஒரு பார்ட், அளக்க ஒரு வெர்னியர் கொடுத்தார்கள். துளை அளவு 25 எச் 7. அளந்தேன், 25.02 வந்தது. ‘ஓகே சார்’ என்றேன். ‘நிச்சயமா?’ என்றார். ‘நிச்சயம் சார்’ என்றேன். மறுபடியும் ‘நிச்சயமா?’ என்றார். ‘ரிஜெக்ட் சார்’ என்று மாற்றிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வெர்னியரை வாங்கிவைத்துவிட்டார். மூன்று வாரமாகிறது, தகவல் இல்லை. ஆங்கிலம் வராததால் போய்விட்டது என்று நினைக்கிறேன். பெங்களூரில் ஒரு கன்சல்டன்சியில் 60,000 ரூபாய் கட்டினால் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்து வேலையும் நிச்சயம் என்கிறார்கள். மாந்தோப்புக் குத்தகைப் பணம் வந்ததும் கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. கட்டலாமா? அந்தத் துளைக் கேள்விக்குச் சரியான பதில் ஓகேவா, ரிஜெக்டா?

பதில்:

தம்பி, பணத்தைக் கட்டாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குத்தகைப் பணம் கைக்கு வந்த பிறகு இந்தப் பதிலைப் படித்துப் பயனில்லை. ஆள் எடுக்கிற கம்பெனி, வேலைக்கு வருகிறவரிடம் பணம் வாங்காது. கன்சல்டன்சிக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும் என்றால் அதைக் கம்பெனி கொடுக்கும். ‘வேலை நிச்சயம்’ என்று உங்களிடம் பணம் கேட்கிறவர், அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்கப்போகிறவர் இல்லை. அப்படியிருக்க அவரால் எதை நிச்சயம் செய்ய முடியும்? ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்க்கக் கேட்டால் காட்டுங்கள், நகல் கொடுங்கள், ஒரிஜினலைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.

அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஓசூரில் உதிரிபாகத் தரப்பிரிவில் 27 வருடம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கும் மேலான வருடங்கள் டிரெய்னிகளைத் தேர்வு செய்யும் மூவரில் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். உங்கள் மாதிரி தர்மபுரி, பாலக்கோடு, அரூர், பர்கூர் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, சாப்பிடாமல் காத்திருந்து, மதியம் உள்ளே வரும்போது முகம் வாடிப்போயிருக்கும் பிள்ளைகளை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தை ஒன்றுக்கு மூன்று தடவை படித்தேன். நீங்கள் ஆங்கிலத்தால் தோற்றதாக எனக்குத் தெரியவில்லை.

துளைக்கு வருவோம். ஓகேவா, ரிஜெக்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் தப்பு.

25 எச் 7 என்றால் என்ன? எச் என்றால் கீழ் எல்லை பூச்சியம், அதாவது துளை 25-க்குக் கீழே போகக்கூடாது. 7 என்பது கிரேடு, அதாவது அளவு எவ்வளவு விலகலாம் என்பதற்கான தரம். 25 மில்லிமீட்டர் அளவுக்கு அந்தக் கிரேடில் கிடைக்கும் இடம் 21 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆக, துளை 25.000-க்கும் 25.021-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இப்போது உங்கள் கையில் கொடுத்த வெர்னியரைப் பாருங்கள். அதன் லீஸ்ட் கவுண்ட், அதாவது அதில் படிக்க முடிகிற மிகச் சின்ன அளவு, 0.02 மில்லிமீட்டர். அதாவது 20 மைக்ரான். டாலரன்ஸே, அதாவது விலக அனுமதித்த இடமே, 21 மைக்ரான், அளக்கும் கோல் 20 மைக்ரான்! மாட்டு வண்டி போகிற அகலத்தை வைத்துக்கொண்டு கதவிடுக்கு எவ்வளவு என்று பார்ப்பது மாதிரிதான் இது. அந்த வெர்னியர் 25.02 என்று காட்டினால் உண்மையான அளவு 25.01-ஆகவும் இருக்கலாம், 25.03-ஆகவும் இருக்கலாம். ஒன்று நல்ல பார்ட், ஒன்று கெட்ட பார்ட். போதாததற்கு, வெர்னியரின் உள் அளவுத் தாடைகளின் நுனியில் கொஞ்சம் தட்டையான பகுதி உண்டு. வளைந்த துளைக்குள் அது முழுதாகப் படியாது, அதனால் துளை இருப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். கை அழுத்தம் வேறு. டிஜிட்டல் வெர்னியராக இருந்தாலும் இதே கதைதான். திரையில் 0.01 வரை எண் தெரியும். தெரிகிற எண்ணும் நம்பக்கூடிய எண்ணும் ஒன்று இல்லை.

அவர் எதிர்பார்த்தது இந்த மாதிரி ஒரு பதில்: ‘சார், இந்த வெர்னியரை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. பிளக் கேஜ் இருந்தால் கோ பக்கம் உள்ளே போகிறதா, நோ கோ பக்கம் போகாமல் நிற்கிறதா என்று பார்ப்பேன். அளவு எண்ணாக வேண்டும் என்றால் போர் டயல் கேஜ் கொடுங்கள்.’ (பிளக் கேஜ் என்பது துளைக்குள் விட்டுப் பார்க்கும் உருளை; கோ பக்கம் கீழ் எல்லை அளவு, நோ கோ பக்கம் மேல் எல்லை அளவு. போர் டயல் கேஜ் துளையின் அளவை முள்ளில் காட்டும் கருவி.) இவ்வளவு போதும். இதற்கு மேல் ‘மேலே, நடுவில், கீழே மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் பார்ப்பேன், துளை முட்டை வடிவமாகவோ ஒரு பக்கம் அகன்றோ இருக்கலாம்’ என்று ஒரு பையன் சொல்லியிருந்தால், நானாக இருந்தால் அடுத்த கேள்வியே கேட்டிருக்க மாட்டேன், சேரும் தேதியைக் கேட்டிருப்பேன்.

21 மைக்ரான் என்ற எண் நினைவில் இல்லையே என்று நினைப்பீர்கள். இருக்கவேண்டியதில்லை. டிசைன் பரீட்சைக்குக்கூட டேட்டா புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போக விட்டார்கள் அல்லவா? ‘எச் என்றால் கீழே பூச்சியம், மேல் எல்லையை டேபிளில் பார்க்க வேண்டும், ஆனால் சில பத்து மைக்ரான்தான் இருக்கும், வெர்னியர் போதாது’ என்றால் அதுவே முழு மார்க். தரப்பிரிவில் உள்ளவர்கள் வாய்ப்பாடு மாதிரி வைத்திருக்கும் ஒரு பழக்கம் உண்டு: அளக்கும் கருவி, அளக்கப்படும் டாலரன்ஸைவிடப் பத்து மடங்கு நுணுக்கமாக இருக்க வேண்டும். 21 மைக்ரானுக்கு 2 மைக்ரான் பார்க்கும் கருவி. இதை மட்டும் மனதில் வையுங்கள். இனி எந்த இன்டர்வியூவில் எந்தக் கருவியைக் கையில் கொடுத்தாலும், அளப்பதற்கு முன்னால் ட்ராயிங்கையும் கருவியையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் உங்களுக்கு வேலை போனது இந்த இடத்தில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். 25.02, ஓகே என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. அவர்களில் பலரை எடுத்திருக்கிறோம். இரண்டாவது ‘நிச்சயமா’வில் போனது உங்கள் வேலை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதல் ‘நிச்சயமா’வுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நீங்கள் மறுபடி அளந்தீர்களா? ட்ராயிங்கைப் பார்த்தீர்களா? இல்லை. அவர் குரல்தான் மாறியது. குரலைக் கேட்டு ஓகேவை ரிஜெக்ட் ஆக்கினீர்கள். இனி மூன்றாவது ஷிஃப்ட், ராத்திரி ஒன்றரை மணி. கஸ்டமருக்குப் போகவேண்டிய லாரி கேட்டில் நிற்கிறது. 300 பார்ட் கொண்ட ஒரு லாட்டை நீங்கள் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். புரொடக்‌ஷன் சூப்பர்வைசர், உங்களைவிட இருபது வயது மூத்தவர், வந்து நின்று கேட்கிறார்: ‘நிச்சயமா தம்பி ரிஜெக்ட்?’ அப்போதும் குரலைக் கேட்டு மாற்றினீர்கள் என்றால்? அந்த 300 பார்ட் ஏதோ ஒரு வண்டியின் பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோ போய் உட்காரும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் உங்களை அந்த ராத்திரியில் நிறுத்திப் பார்த்தார். அவர் சிரித்ததைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் அதே கேள்வியைக் கேட்டு, தினமும் அதே மாற்றத்தைப் பார்க்கிறவருக்கு வருகிற சிரிப்பு அது.

‘மறுபடி அளந்து சொல்லட்டுமா சார்?’ இதுதான் இரண்டாவது ‘நிச்சயமா’வுக்குப் பதில். சந்தேகம் வந்தால் கருவியிடம் திரும்பிப் போக வேண்டும், எதிரில் இருப்பவர் முகத்திடம் போகக்கூடாது.

என் கதை ஒன்று சொல்கிறேன். கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் முடித்து, முதல் வேலையில் சேர்ந்து நான்கு மாதம். கிரைண்டிங் மெஷினிலிருந்து வரும் 40 மில்லிமீட்டர் ஷாஃப்டுகளை மைக்ரோமீட்டரில் பார்த்து அனுப்பும் வேலை. அன்றைக்கு அவசரம். மெஷினிலிருந்து எடுத்ததை எடுத்ததுமாக அளந்தேன், எல்லாமே அளவுக்குள், கீழ் எல்லையை ஒட்டி. டிக் போட்டேன். மறுநாள் காலை வாங்கிய இடத்தில் அளந்தால் பாதி ஷாஃப்ட் கீழ் எல்லைக்கும் கீழே. எனக்கு உலகமே இருண்டது. ஒரு இரும்பு ஷாஃப்ட் 15 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால், 40 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 7 மைக்ரான் பெருத்திருக்கும். ஆறியதும் சுருங்கிவிடும். அளவு என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்டிருப்பது 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் அளவைத்தான். படிப்பில் இது இருந்தது. என் கைக்கு அது வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான். சூப்பர்வைசர் கேட்டபோது, மெஷின் தப்பு என்று சொல்ல வழி இருந்தது, முந்தின ஷிஃப்ட் தப்பு என்று சொல்லவும் வழி இருந்தது. ‘சூட்டோடு அளந்தேன் சார், ஆறவிடவில்லை’ என்றேன். திட்டினார், நிறையவே திட்டினார். ஆனால் அடுத்த வாரம், அளக்கும் கருவிகளைச் சரிபார்க்கும் கேலிபிரேஷன் அறைச் சாவியை என்னிடம்தான் கொடுத்தார். பல வருடம் கழித்து நான் ஆள் எடுக்க உட்கார்ந்தபோது, அவர் அன்றைக்கு என்னிடம் எதைப் பார்த்தாரோ அதைத்தான் நானும் தேடினேன். ஒரு பிள்ளை வெளியே போனதும் நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொள்வது பத்து வினாடிதான். ‘இவனை லைனில் விட்டால் தப்பு நடந்ததும் வந்து சொல்வானா, மறைப்பானா?’ மார்க், அரியர், ஆங்கிலம் எல்லாம் அதற்குப் பிறகு.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் இன்னொரு பதிலைப் பார்க்கலாம். ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தேன் என்றீர்கள்.

தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், பேனா மை மாறியிருக்கிற இடத்தில், ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். சுருக்கத்தில் நான் அதைச் சேர்க்கவில்லை, இங்கே தனியாகச் சொல்வதற்காக வைத்திருந்தேன். ஒரே ஊரிலிருந்து ஒரே மாதத்தில் மூன்று போர்வெல் மோட்டார் எரிந்துபோய்க் கடைக்கு வந்தன. பிரித்துப் பார்த்தால் மூன்றிலும் இரண்டு பேஸ் காயில் கருகியிருக்கிறது, ஒரு பேஸ் மட்டும் புதிது மாதிரி இருக்கிறது. மாமா வழக்கம்போல ‘லோ வோல்டேஜ்’ என்றார். நீங்கள் சமாதானமாகாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய், மூன்று தோட்டத்திலும் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தீர்கள். மூன்றிலும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரை, அதாவது ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் கருவியை, வேலை செய்யாதபடி ஒரு துண்டு ஒயர் போட்டு நேராகக் கொடுத்திருந்தது. அதைச் சரிசெய்து மாட்டிய பிறகு அந்த மூன்றில் ஒரு மோட்டார்கூடத் திரும்பி வரவில்லை.

இதை எழுதிவிட்டு, ‘இது இன்டர்வியூவுக்குத் தேவையில்லாதது, சும்மா எழுதினேன்’ என்று முடித்திருக்கிறீர்கள். படித்துவிட்டு எனக்கு மனசு ஆறவில்லை. கஸ்டமர் புகார் வந்தால் தரப்பிரிவு இன்ஜினியர் என்ன செய்கிறாரோ அதை நீங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்திருக்கிறீர்கள். கெட்டுப்போன பார்ட்டைக் கையில் எடுத்து, எந்த வகையில் கெட்டிருக்கிறது என்று பார்த்தீர்கள். ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில், அதாவது மூன்று காயிலின் முனைகளும் ஒரே புள்ளியில் சேரும் மோட்டாரில், வருகிற மூன்று லைனில் ஒன்று போய்விட்டால் மீதி இரண்டு பேஸ் காயில்தான் முழுச் சுமையையும் இழுக்கும். அவை கருகும், மூன்றாவது தப்பும். டெல்டாவாக, அதாவது மூன்று காயிலும் முக்கோணமாகச் சேர்ந்து, இருந்தால் நேர்மாறாக ஒன்று கருகி இரண்டு தப்பும். வெறும் லோ வோல்டேஜ் என்றால் மூன்றும் சேர்ந்தே சூடாகியிருக்க வேண்டும். அந்த ஒரு கருகாத காயில்தான் சாட்சி. அதை நம்பி நேரில் போய்ப் பார்த்தீர்கள், காரணத்தைக் கண்டீர்கள், சரிசெய்தீர்கள், திரும்ப வருகிறதா என்றும் கவனித்தீர்கள். கம்பெனிகளில் இதை எட்டுப் படியாகப் பிரித்து ‘எய்ட் டி’ ரிப்போர்ட் என்று எழுதுவார்கள். வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்களே நேரில் போகாமல் மேசையிலிருந்து ரிப்போர்ட் எழுதி மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த மூன்று பேர் முன்னால் இதைச் சொல்லியிருந்தால், அவர்களுடைய அடுத்த கேள்வி என்னவாக இருந்திருக்கும் தெரியுமா? ‘விவசாயி ஏன் பிரிவென்டரை நேராகக் கொடுத்தார்?’ அங்கே நிறுத்திவிடாதீர்கள். லைன் கொஞ்சம் ஆடினாலே பிரிவென்டர் மோட்டாரை நிறுத்திவிடும், ராத்திரியில் கரண்ட் வருகிற நேரத்தில் மோட்டார் ஓடாமல் போனால் பயிர் காயும், அதனால் ஒயர் போடுகிறார். நம் பக்கத்தில் ஆயிரம் அடி போர் போட்டுத் தண்ணீர் எடுக்கிறவருக்கு அந்த ஒரு ராத்திரி எவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இன்னொன்றும் கேட்பார்கள், நானும் கேட்கிறேன்: மூன்று தோட்டத்துக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் லைன் வருகிறதா? ஒரே மாதத்தில் மூன்று எரிந்திருக்கிறது என்றால், பிரிவென்டர் இல்லாதது பாதிக் காரணம்தான். பேஸ் ஏன் போனது என்பது மீதிப் பாதி. ஃபியூஸா, எங்காவது ஜாயின்ட் லூஸா? அதைப் பார்த்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. பார்க்கவில்லை என்றால் ‘பார்க்கவில்லை’ என்றே சொல்லுங்கள். இப்போது போய்ப் பார்த்தாலும் தப்பில்லை.

இப்படிப்பட்ட ஒன்றரை வருடத்தை ‘வீட்டில் இருந்தேன்’ என்று ஒரு பையன் சொன்னால், மேசைக்கு அந்தப் பக்கம் நாங்கள் காலியாக ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். எங்களுக்கு வேறு வழி கிடையாது. ரீவைண்டிங் கடை என்றால் மட்டமாக நினைப்பார்களோ என்று பயந்திருக்கிறீர்கள். ஓசூர் ஷாப் ஃப்ளோரில் மேலாளராக இருக்கிறவர்களில் எத்தனை பேர் லேத் பட்டறையிலும் மோட்டார் கடையிலும் கை கறுக்க நின்று வந்தவர்கள் என்று தெரிந்தால் பயப்பட மாட்டீர்கள். ரெஸ்யூமில் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்: எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எத்தனை எச்.பி. வரை மோட்டார், என்னென்ன கை வேலை, மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்தது, புஷ், திரஸ்ட் பேரிங் தேய்மானம் பார்த்தது. அதற்குக் கீழே அந்த மூன்று மோட்டார் கதையை நான்கு வரியில். ‘ஹார்ட் ஒர்க்கிங், டீம் பிளேயர்’ என்று எல்லோரும் போடும் வரிகளை எடுத்துவிட்டால் இதற்கு இடம் தாராளமாகக் கிடைக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். அது தேவையில்லை என்று சொன்னால் பொய். தரப்பிரிவில் கஸ்டமருக்கு எழுதும் பதில் ஆங்கிலத்தில்தான், ஆடிட் வந்தால் பேச வேண்டியதும் ஆங்கிலத்தில்தான். ஆனால் அங்கே வேண்டிய ஆங்கிலம் நீங்கள் மனப்பாடம் செய்த ஆங்கிலம் இல்லை. ‘த்ரீ மோட்டார்ஸ் கேம். டூ பேஸஸ் பர்ன்ட், ஒன் பேஸ் குட். ஐ வென்ட் டு த சைட். ஐ ஓப்பன்ட் த ஸ்டார்ட்டர்.’ இந்த அளவு போதும். நடந்ததை, நடந்த வரிசையில், சின்னச் சின்ன வாக்கியமாக. உங்கள் கையால் செய்ததை நீங்கள் மறக்க மாட்டீர்கள், அதனால் பாதியில் நிற்கவும் மாட்டீர்கள். மோட்டார் கதையைப் பத்து ஆங்கில வாக்கியமாக எழுதி, தினமும் கடை திறக்கும்போது ஒரு தடவை, மூடும்போது ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு, பத்தோடு இன்னொரு மோட்டாரைப் பற்றிப் பத்து. இன்டர்வியூவில் சிக்கிக்கொண்டால், ‘தமிழில் விளக்கட்டுமா சார்?’ என்று ஆங்கிலத்திலேயே கேளுங்கள். ஓசூரில் ஒரே மேசையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். விஷயம் தெரிந்தவரை மொழிக்காக வெளியே அனுப்ப யாருக்கும் மனசு வராது.

அரியரைக் கேட்டால் எந்தப் பேப்பர், எப்போது எழுதி முடித்தீர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஷிஃப்டுக்கு வருவீர்களா, ஓசூரில் அறை எடுத்துத் தங்குவீர்களா என்பதற்கு வீட்டில் பேசி முடிவெடுத்த பதிலோடு போங்கள். வேலை கிடைத்தால், ஆர்டரில் கம்பெனி பெயர் இருக்கிறதா, கான்ட்ராக்டர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பி.எஃப். பிடிப்பார்களா என்று கேட்பதற்கும் கூச்சப்படாதீர்கள். கான்ட்ராக்டரிடம் சேர்வது தப்பில்லை, தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கம்பெனியின் எச்.ஆருக்கு ஒரு தடவை போன் செய்து, முடிவு தெரிந்ததா, அடுத்து எப்போது ஆள் எடுப்பார்கள் என்று மட்டும் கேளுங்கள். தேர்வாகவில்லை என்றால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆறு மாதம் கழித்து வந்த அதே பிள்ளைகளை எடுத்திருக்கிறோம்.

அப்புறம் எங்கே முயற்சி செய்வது? 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்து, பின்னால் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய கம்பெனிகள் வந்தபோது, அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்கிற சின்னப் பட்டறைகளும் நிறைய வளர்ந்தன. எல்லோரும் பெரிய கேட்டுக்கு முன்னால்தான் வரிசையில் நிற்கிறார்கள். ஐம்பது, நூறு பேர் வேலை செய்கிற இடத்தில் தரப்பிரிவில் சேர்ந்தால் போர் கேஜும் உங்கள் கையில்தான், கஸ்டமர் புகாரும் உங்கள் தலையில்தான். இரண்டு வருடத்தில் தேறிவிடுவீர்கள். அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கு ஒரு வருடப் பயிற்சி உண்டு, அதற்கான அரசின் ‘நாட்ஸ்’ இணையதளத்தில் பதிந்துவையுங்கள். உதவித்தொகை குறைவுதான், ஆனால் அதற்கு யாருக்கும் பணம் கட்டவேண்டியதில்லை.

உங்கள் கைக்குப் பொருத்தமான இன்னொரு கதவும் பக்கத்திலேயே திறந்திருக்கிறது. போச்சம்பள்ளி பக்கம் ஓலா, ஓசூரில் ஏதர் என்று மின் ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இருக்கின்றன. மின் வண்டி மோட்டாரிலும் ஸ்டேட்டர்தான், செம்புக் காயில்தான், இன்சுலேஷன் சோதனைதான். மெக்கானிக்கல் படித்தவர்களில் காயில் கட்டத் தெரிந்தவர்கள் அபூர்வம். உங்கள் கடையில் தண்ணீருக்குள் ஓடும் மோட்டாருக்குப் பிளாஸ்டிக் சுற்றிய பாலி ஒயர் போடுகிறீர்கள். வறண்ட இடத்தில் ஓடும் மோட்டாருக்கு எனாமல் பூசிய கம்பி, அதன்மேல் வார்னிஷ். இந்த வித்தியாசத்தையும் அதற்கான காரணத்தையும் மாமாவிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதைச் சொல்லிக்கொடுக்க அவரைவிட நல்ல வாத்தியார் உங்களுக்குப் பெங்களூரில் கிடைக்க மாட்டார்.

கடைசியாக ஒரு வேலை, இதை இன்றைக்கே செய்யுங்கள். ரீவைண்டிங் கடைகளில் எரிந்த காயிலை வெட்டி எடுத்துச் சாக்கில் போட்டு, சேர்ந்ததும் பழைய செம்பு விலைக்குப் போட்டுவிடுவார்கள். அந்த மூன்று மோட்டாரின் காயில் இன்னும் சாக்கில் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் கருகிய துண்டு ஒன்று, கருகாத துண்டு ஒன்று தனியாக எடுத்து, காகிதத்தில் சுற்றி, மோட்டார் வந்த தேதியை மேலே எழுதி வையுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியைப் போட்டோ எடுத்திருந்தால் அதையும் பிரின்ட் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த இன்டர்வியூவுக்குச் சர்டிஃபிகேட் ஃபைலோடு அதுவும் பையில் இருக்கட்டும். சாப்பாட்டையும் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டரை மணி வரைக்கும் உட்காரவைப்பார்கள்.